கேட்டது இரண்டு மடங்கு. கட்டியது எட்டு மடங்கு!

கிரேக்க நாட்டுக் கடலில் டிலோஸ் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அப்பல்லோ என்ற தெய்வம் பிறந்த இடம் அது என்று பழங்காலத்து மக்கள் நம்பினார்கள். அங்கே அப்பல்லோவுக்குக் கோவில் கட்டி வழிபட்டார்கள்.

ஒரு சமயம் அந்தத் தீவை நோயும் துன்பமும் வாட்டின. என்ன செய்வது என்று தெரியாத மக்கள், கோவிலில் குறி கேட்டார்கள்.

பலிபீடத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிக் கட்டுங்கள், துன்பம் தீரும் என்று பதில் வந்தது.

பலிபீடம் கனச்சதுர வடிவம் கொண்டது. அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு. "இது என்ன பெரிய வேலை?" என்று கொத்தர்கள் நினைத்தார்கள். நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். அகலத்தையும் அப்படியே. உயரத்தையும் அப்படியே.

பீடம் எழும்பி நின்றது. ஆனால் அது இரண்டு மடங்கு அல்ல. எட்டு மடங்கு!

திகைத்துப்போன மக்கள், பேரறிஞர் பிளேட்டோவிடம் ஓடினார்கள். தெய்வத்துக்குப் பெரிய பீடம் தேவையில்லை, கணக்கைப் படிக்காமல் இருக்கிறீர்களே என்று உங்களுக்கு உணர்த்தத்தான் இப்படிக் கேட்டது என்று அவர் விளக்கம் சொன்னாராம்.

இது பழங்கதை. கிரேக்க ஆசிரியர்கள் இதைப் பல விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கதை எப்படியோ போகட்டும். அந்தக் கொத்தர்கள் செய்த பிழையை இன்றும் பலர் செய்கிறார்கள். தோசைக் கடையிலும் செய்கிறார்கள். நிலம் வாங்கும்போதும் செய்கிறார்கள்!

எங்கே பிழை?

ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு உள்ள கட்டி.

அதைப்போல் இரண்டு மடங்கு நீளம் வேண்டுமானால், பக்கத்தில் இன்னொரு கட்டியை வைக்க வேண்டும். இப்போது 2 கட்டிகள்.

அகலமும் இரண்டு மடங்கு வேண்டுமே! அடுத்த வரிசையில் இன்னும் இரண்டு வையுங்கள். இப்போது 4 கட்டிகள்.

உயரமும் இரண்டு மடங்கு வேண்டும். மேலே இன்னொரு அடுக்கு. மொத்தம் 8 கட்டிகள்.

அவ்வளவுதான் ரகசியம். நீளம் 2 மடங்கானால், பரப்பு 4 மடங்கு. கொள்ளளவு 8 மடங்கு.

நீளம் 3 மடங்கானால்? பரப்பு மூன்று மூன்றாக 9 மடங்கு. கொள்ளளவு 27 மடங்கு. நீளம் 10 மடங்கானால் பரப்பு 100 மடங்கு. கொள்ளளவு 1000 மடங்கு!

ஆக, மடங்கு என்பது ஒரே எண்தான். நீளத்தை அறிய அதை ஒரு முறை பெருக்க வேண்டும். பரப்பை அறிய இரண்டு முறை. கொள்ளளவையும் எடையையும் அறிய மூன்று முறை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. உருவம் மாறக்கூடாது. ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கினால் முகம் அதே முகமாக இருக்கிறது அல்லவா? மூக்கு எத்தனை மடங்கு வளர்ந்ததோ, காதும் அத்தனை மடங்கு வளர்ந்திருக்கும். நீளத்தை மட்டும் இழுத்தால் அது வேறு முகமாகிவிடும். அளவு மாறியும் சாயல் மாறாத இப்படிப்பட்ட உருவங்களைத்தான் பள்ளிக்கூடத்தில் "வடிவொத்த உருவங்கள்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அடிமைச் சிறுவன் சொன்ன விடை

பிளேட்டோ எழுதிய நூல் ஒன்றில் சுவையான காட்சி வருகிறது. அவருடைய குருவான சாக்ரட்டீஸ், படிப்பறியாத ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு, மண்ணில் ஒரு சதுரம் வரைகிறார். ஒவ்வொரு பக்கமும் 2 அடி. பரப்பு 4 சதுர அடி.

இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எத்தனை அடி என்று கேட்கிறார்.

சிறுவன் தயங்கவே இல்லை. 4 அடி என்கிறான். வரைந்து பார்த்தால் 16 சதுர அடி வருகிறது! வேண்டியதோ 8 சதுர அடி. பிறகு 3 அடி என்கிறான். அதுவும் 9 சதுர அடி ஆகிவிடுகிறது.

கடைசியில் சாக்ரட்டீஸ் கேள்வி மேல் கேள்வி கேட்டு, சிறுவனையே விடை காண வைக்கிறார். முதல் சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டால், அந்தக் கோடுதான் புதிய சதுரத்தின் பக்கம்!

சதுரத்தை இரட்டிப்பாக்க வழி கிடைத்துவிட்டது. ஆனால் பீடத்தை இரட்டிப்பாக்குவது அவ்வளவு சுலபமாக இல்லை.

பீடத்தின் பக்கம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1000 கன அடி. இரண்டு மடங்கு என்றால் 2000 கன அடி வேண்டும். அதற்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 12 அடி 7 அங்குலம் இருந்தால் போதும். கொத்தர்கள் 10 அடி கூட்டினார்கள். கூட்ட வேண்டியதோ இரண்டரை அடிதான்!

இந்த அளவை அளவுகோல் குறியில்லாத சட்டத்தையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு துல்லியமாக வரைய முடியுமா என்று அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலையை உடைத்துக்கொண்டார்கள். முடியவே முடியாது என்று 1837-இல் பிரெஞ்சு இளைஞர் பியர் வான்ட்செல் நிரூபித்த பிறகுதான் அந்த வழக்கு முடிந்தது.

நிழல் காட்டிய உயரம்

வடிவொத்த உருவங்களால் குழப்பம் மட்டும்தானா? இல்லை. அவற்றால் மனிதன் அடைந்த லாபம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்றைக்குச் சுமார் 2600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் தேலீஸ் என்ற கிரேக்க அறிஞர். அவர் எகிப்து நாட்டுக்குப் போய், பிரமிடுகளின் உயரத்தை அவற்றின் மேல் ஏறாமலே சொன்னார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. எப்படி? நிழலை அளந்துதான்!

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வெயிலில் 3 அடிக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். அதன் நிழல் 2 அடி விழுகிறது. அதே நேரத்தில் தென்னை மரத்தின் நிழல் 30 அடி விழுகிறது. குச்சியின் நிழலைப் போல் மரத்தின் நிழல் 15 மடங்கு. அப்படியானால் மரமும் குச்சியைப் போல் 15 மடங்கு. உயரம் 45 அடி. மரம் ஏற வேண்டாம்!

குச்சியும் அதன் நிழலும் ஒரு சிறு முக்கோணம். மரமும் அதன் நிழலும் ஒரு பெரிய முக்கோணம். சூரியன் ஒன்றே ஆகையால் இரண்டுக்கும் சாயல் ஒன்றே.

பரங்கிமலையில் போட்ட கோடு

இந்த முக்கோண வித்தை நம் சென்னையிலிருந்தே இமயம் வரை போயிருக்கிறது.

1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி, சென்னையை அடுத்த பரங்கிமலைப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு மிகக் கவனமாக அளந்தார்.

ஒரு முக்கோணத்தின் கோணங்கள் தெரிந்தால் அதன் சாயல் தெரிந்துவிடும். ஆனால் அது எவ்வளவு பெரியது என்று தெரியாது. ஒரே ஒரு பக்கத்தை அளந்துவிட்டால் போதும், மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். பரங்கிமலைக் கோடு அப்படிப்பட்ட முதல் பக்கம். அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டே அளவையாளர்கள் வடக்கே போனார்கள்.

அந்தப் பணியின் பயனாகத்தான் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டது. சிகரத்தில் அப்போது ஒருவரும் கால் வைத்ததில்லை! நவீனக் கருவிகளால் அளந்து 2020-இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அதாவது ஏறத்தாழ 29,032 அடி. வித்தியாசம் 30 அடிதான்.

ராட்சதன் ஏன் இல்லை?

கதைகளில் பனைமர உயர ராட்சதர்கள் வருகிறார்கள். நிஜத்தில் ஏன் இல்லை?

இதற்கும் அந்த மூன்று கணக்கே விடை. சொன்னவர் இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ. வயோதிகக் காலத்தில் வீட்டுக்காவலில் இருந்தபோது அவர் எழுதிய நூல், 1638-இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் அச்சாகி வெளிவந்தது. அதில் இந்த விஷயம் இருக்கிறது.

ஒரு மனிதனை, சாயல் மாறாமல் இரண்டு மடங்கு உயரமாக்கினால் என்ன ஆகும்? அவன் எடை 8 மடங்கு ஆகும். அதைத் தாங்க வேண்டியது கால் எலும்பு. எலும்பின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதுவோ 4 மடங்குதான் ஆகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைப்போல் இரண்டு மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும்.

பத்து மடங்கு உயர ராட்சதனானால், எடை 1000 மடங்கு. எலும்பின் பரப்பு 100 மடங்கு. ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் பத்து மடங்கு பாரம்! மனித எடையைப்போல் சுமார் பத்து மடங்கு பாரம் ஏறினால் தொடை எலும்பு முறிந்துவிடும் என்று 1926-இல் எழுதினார் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. இங்கிலாந்தில் பிறந்த இவர் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

அப்படியானால் பாவம், ராட்சதன் முதல் அடி எடுத்து வைத்ததுமே கால் ஒடிந்து விழுவான்!

யானையின் கால் தூண் போலவும், மானின் கால் குச்சி போலவும் இருப்பது இதனால்தான். மானை அப்படியே பெரிதாக்கினால் யானை அளவுக்கு நிற்காது. உடம்பு பெருக்கப் பெருக்க, கால் இன்னும் அதிகமாகப் பருக்க வேண்டும்.

சிற்பியின் கணக்கு

உயிருள்ள உடம்புக்கு இந்தத் தொல்லை. கற்சிலைக்கு?

நம் சிற்பிகள் சிலையின் முக நீளத்தையே அளவாக வைத்துக்கொள்வது மரபு. அதற்குத் "தாளம்" என்று பெயர். நவதாளம் என்றால் உடம்பு ஒன்பது தாள உயரம். முகம் ஒரு சாண் ஆனாலும் சரி, ஓர் ஆள் உயரம் ஆனாலும் சரி, சாயல் கெடுவதில்லை.

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை நினைத்துப் பாருங்கள். கணபதி ஸ்தபதி வடிவமைத்த அந்தச் சிலை 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்டது. பீடம் 38 அடி. சிலை 95 அடி. மொத்தம் 133 அடி.

அதே சிலையை அதே கல்லில், அதே சாயலில் ஒன்பதரை அடியில் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. எடையில்? ஆயிரத்தில் ஒரு பங்கு! சிறு சிலையைச் சுமக்கும் பீடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் பெரிய சிலையைத் தாங்கிவிடும் என்று பேசாமல் இருந்துவிட முடியாது. பாரம் அதைவிட வேகமாக ஏறிவிடும்.

அடுப்பங்கரையில்

இனி வீட்டுக்கு வாருங்கள்.

6 அங்குலக் குறுக்களவுள்ள தோசை ஒன்று. 12 அங்குலத் தோசை ஒன்று. கனம் ஒன்றே. பெரிய தோசைக்கு எத்தனை கரண்டி மாவு? இரண்டு என்று பலரும் சொல்வார்கள். நான்கு கரண்டி மாவு வேண்டும்! பெரிய தோசையின் விலை சிறியதைப்போல் இரண்டு மடங்குதான் என்றால், சாப்பிடுகிறவருக்கு லாபம்.

லட்டு தோசை போல் தட்டையானதல்ல, உருண்டை. ஆகவே குறுக்களவு இரண்டு மடங்கான லட்டு ஒன்று, எட்டுச் சிறு லட்டுகளுக்குச் சமம். ஒரு பெரிய லட்டுக்கு இரண்டு சிறு லட்டு மாற்றிக்கொண்ட தம்பி ஏமாந்தவன்!

வீட்டில் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 5 அடியான தொட்டி 125 கன அடி. சுமார் 3500 லிட்டர் பிடிக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும் என்று மூன்றையும் 10 அடியாக்கினால், டிலோஸ் கொத்தர்களின் கதைதான். எட்டு மடங்கு தொட்டி; மண் வெட்டும் கூலியும் எட்டு மடங்கு. உண்மையில் ஒவ்வொரு பக்கமும் 6 அடி 4 அங்குலம் வைத்தால் போதும்.

நிலம் வாங்குகிறவர்களே, கவனம்!

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

நிலத்தின் படமும் நிலமும் வடிவொத்த உருவங்களே. படத்தில் 1:1000 என்று எழுதியிருந்தால், படத்தில் உள்ள 1 சென்டிமீட்டர், நிலத்தில் 1000 சென்டிமீட்டர். அதாவது 10 மீட்டர்.

படத்தில் ஒரு நிலம் 4 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் 40 மீட்டருக்கு 30 மீட்டர். பரப்பு 1200 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 29½ செண்டு.

இந்தப் படத்தை யாரோ ஜெராக்ஸ் எடுக்கிறார். தாளில் அடங்க வேண்டும் என்பதற்காக, நூற்றுக்குத் தொண்ணூறாகச் சுருக்கி எடுத்துவிடுகிறார். படம் சுருங்கிவிட்டது. ஆனால் மூலையில் அச்சடித்த 1:1000 என்ற எண் அப்படியே இருக்கிறது!

இப்போது அளவுகோலை வைத்து அளந்தால் என்ன வரும்? நீளம் 3.6 சென்டிமீட்டர். அகலம் 2.7 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 36 மீட்டருக்கு 27 மீட்டர். பரப்பு 972 சதுர மீட்டர். அதாவது 24 செண்டு.

கோடுகள் சுருங்கியது நூற்றுக்குப் பத்து. பரப்பு சுருங்கியது நூற்றுக்குப் பத்தொன்பது! குறைந்த 228 சதுர மீட்டர் எவ்வளவு தெரியுமா? 2450 சதுர அடிக்கு மேல். ஒரு கிரவுண்டு என்பதே 2400 சதுர அடிதான். வெட்டாமல் விற்காமல், ஒரு கிரவுண்டு நிலம் காகிதத்திலேயே காணாமல் போய்விட்டது!

படத்தைச் சற்றுப் பெரிதாக்கி நகல் எடுத்தால் இதற்கு நேர்மாறு. நூற்றுக்குப் பத்து பெரிதாக்கினால், இல்லாத நிலம் நூற்றுக்கு இருபத்தொன்று கூடிவிடும். வாங்குகிறவருக்கு நஷ்டம். கைப்பேசியில் எடுத்த படத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

தப்பிக்க வழி என்ன?

புலப்படத்தில் கோடுகளின் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுகளையே நம்ப வேண்டும். நகலின்மேல் அளவுகோல் வைத்து அளந்து முடிவு செய்யக்கூடாது. படத்தில் "இவ்வளவு நீளம் இத்தனை மீட்டர்" என்று ஓர் அளவுக்கோடு வரைந்திருந்தால் மிகவும் நல்லது. படம் சுருங்கும்போது அந்தக் கோடும் கூடவே சுருங்கும். ஆகவே அதனோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறாது. பணம் கொடுப்பதற்கு முன் நிலத்தையே நில அளவையர் துணையோடு அளந்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், ஒரு படத்தைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மனத்தில் வைக்க வேண்டியது இவ்வளவே: வேலி போட வேண்டுமானால் மடங்கை ஒரு முறை பெருக்கு. நிலத்தை விலை பேச வேண்டுமானால் இரண்டு முறை பெருக்கு. தொட்டி கட்ட வேண்டுமானால் மூன்று முறை பெருக்கு.